முன்கூட்டியே ஒரு மன்னிப்பு

"நல்லபடியா திரும்பி வந்தீங்களா, ரம்ஸி அம்மா?" என்று திங்கட்கிழமை காலை தொலைபேசியில் குரல் கேட்டபோது, கலீலா புறப்படுவதற்கே இன்னும் பெட்டி கட்டி முடித்திருக்கவில்லை.

"எங்கேயிருந்து திரும்பி?"

"என்கிட்ட என்ன ஒளிவு மறைவு. எருசலேம்லேருந்துதான். பேப்பர்லயே வந்தாச்சே."

பேசியது நான்காம் மாடி அங்கீல். கலீலா இருப்பது மூன்றாம் மாடி. நடுவில் பதினெட்டுப் படிகள். ஆனாலும் அங்கீல் எந்தச் சேதியையும் முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு படியிறங்கி வந்து இன்னொரு தடவை சொல்வாள். ஷுப்ராவில் அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போட்டதில்லை.

கலீலா ரிசீவரை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். சோபாவில் அவள் கணவர் ஃபஹ்மி முகத்தின்மேல் பேப்பரை விரித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அதை உருவினாள். பதினொன்றாம் பக்கத்தில், ஒரு மரண அறிவிப்புக்கும் பழைய ஃப்ரிட்ஜ் விற்பனைக்கும் நடுவே, கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

'ஷுப்ராவைச் சேர்ந்த கலீலா ஹன்னா ஆகிய நான், சபையின் சொல்லை மீறி எருசலேம் சென்று வந்ததற்காக மனம் வருந்தி, திருச்சபைத் தந்தையிடமும் சபையாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.'

"படுபாவிங்க" என்றாள் கலீலா. "உயிர்ப்புப் பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஃபஹ்மி ஒரு கண்ணைத் திறந்தார். "யாரு செத்தது?"

"நான்தான்."

விஷயம் இதுதான். எருசலேமுக்கு யாரும் போகக் கூடாது என்று சபை சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அந்த ஊர் பிறர் கையில் இருக்கிறது, நம் முஸ்லிம் சகோதரர்களோடு கைகோத்துப் போகும் நாள் வரும், அதுவரை பொறுத்திருங்கள் என்பது சொல். மீறிப் போகிறவர்களுக்குக் கோயிலில் நற்கருணை கிடையாது. திரும்பி வந்து பேப்பரில் மன்னிப்புக் கேட்டால் மறுபடி கிடைக்கும். இந்தக் கடைசி வரியில் இருந்த சந்து வழியாகத்தான் வருஷா வருஷம் சில பேர் நுழைந்து போய் வந்துகொண்டிருந்தார்கள்.

கலீலா முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. தனக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே பிள்ளைக்கு ரம்ஸி என்று பெயர் முடிவு செய்து வைத்தவள். அப்படிப்பட்டவள் மன்னிப்பை மட்டும் திரும்பி வந்து களைத்துப்போன காலோடு போய்க் கேட்பாளா? இரண்டு வாரம் முன்பே பேப்பர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டாள். கவுண்டரில் இருந்தவர், "எல்லாருக்கும் ஒரே வாசகம்தாம்மா, பேரையும் ஊரையும் மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னாள். தேதியையும் சொன்னாள்.

இந்தப் பெருநாளுக்கு அவள் போயே ஆக வேண்டும். அவளுடைய அம்மா அறுபத்தேழாம் வருஷம் வளையலை விற்று வைத்துக்கொண்டு, அடுத்த பெருநாளுக்குப் போகலாம் என்று சொன்னாள். ஜூன் மாதம் சண்டை வந்தது, வழி அடைபட்டது. அடுத்த பெருநாள், அடுத்த பெருநாள் என்று சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்தாள். இப்போது கலீலாவின் முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் படி ஏறுவதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்காக ஒரு மெழுகுவர்த்தியை ஆண்டவரின் கல்லறை வாசலில் ஏற்றாமல் தானும் அடுத்த பெருநாள் என்று சொல்லிக்கொண்டே சாவதை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உடனே பேப்பர் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்த பெண் பேரைக் கேட்டுக்கொண்டு ஏட்டைப் புரட்டினாள்.

"கலீலா ஹன்னா, ஷுப்ரா. இன்னிக்கு வந்திருக்கு. சரியா வந்திருக்காம்மா? எழுத்துப்பிழை எதுவும் இல்லையே?"

"எழுத்து சரி. தேதிதான் தப்பு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இல்லையேம்மா. இன்னிக்குப் போடச் சொல்லித்தான் எழுதியிருக்கு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"சீட்டுல இருக்கே. வேணும்னா மறுப்பு ஒண்ணு போடுங்க. 'நான் எருசலேம் போகவில்லை'ன்னு."

"போகலைன்னா எதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு கேப்பாங்களே."

"அது எங்களுக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

ஃபஹ்மி இதற்குள் எழுந்து உட்கார்ந்து பேப்பரைப் படித்து முடித்திருந்தார். "இதுல உனக்கு என்ன நஷ்டம்? போறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கிடைச்சுடுச்சு. இனி போற அலைச்சலும் மிச்சம்" என்றார்.

"நான் மன்னிப்புக்காகவா போறேன்?"

"பின்னே?"

அவருக்குப் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. அங்கீல், கையில் உபவாச பிஸ்கெட் தட்டோடு நின்றிருந்தாள். பின்னால் இன்னும் மூன்று பெண்கள்.

"முகத்தஸா கலீலா" என்று சொல்லி அங்கீல் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

எருசலேமை மிதித்து வந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற பட்டம் அது. அதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு நிமிரும். கலீலா அவள் கைகளை விலக்கினாள்.

"அங்கீல், நான் போகலை."

"போகாமலா மன்னிப்புக் கேட்டீங்க? போன மாசம் எட்டு நாள் பையன் வீட்டுக்கு அலெக்ஸாந்திரியா போறேன்னு போனீங்களே, அப்பவே நினைச்சேன். பெருநாள் கூட்டத்துல இடிபடாம, ஆளில்லாத நேரமா பாத்துப் போயிருக்கீங்க. கெட்டிக்காரி."

போகவில்லை என்று இவளை நம்ப வைத்துவிட்டால், அடுத்த கேள்வி 'அப்படியென்றால் எப்போது போகப் போகிறாய்' என்பதுதான். அந்தப் பதில் மத்தியானத்துக்குள் கோயிலுக்குப் போய்விடும், சாயங்காலத்துக்குள் பாதிரியார் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். விமானம் அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதுவரை போய்விட்டு வந்தவளாக இருப்பதுதான் பத்திரம் என்று அவளுக்குப் பட்டது. அவள் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பேசாமல் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அங்கீல் நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்தாள். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கலையா? அடடா, மெழுகுவர்த்தி. ஆண்டவர் வயசுக்கு ஒண்ணா முப்பத்து மூணு இருக்கற கட்டா? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுங்க. மனுஷன் இடுப்பு வலின்னு ஒரு மாசமா எழுந்திருக்கலை."

"அது எருசலேமுக்கு வாங்கினது" என்றாள் கலீலா. உண்மையைத்தான் சொன்னாள்.

"எருசலேம்ல வாங்கினதுன்னு பாத்தாலே தெரியுதே" என்று அங்கீல் ஒன்றை உருவிக்கொண்டாள். மற்ற மூவரும் ஆளுக்கு இரண்டு.

மறுநாள் காலையில் அங்கீலின் கணவர் வஹீப் தன் காலால் நடந்து மாடிப்படியில் இறங்கி வந்தார். மெழுகுப் புகை தாங்காமல் ஜன்னலைத் திறக்க எழுந்ததாக அவரே சொன்னார். ஆனால் அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? மெழுகுவர்த்தி ஏற்றினாள், மனுஷன் எழுந்தார். இதுதான் தெருவில் ஓடியது. பத்து மணிக்கெல்லாம் படிக்கட்டில் வரிசை நின்றது.

"கலீலா, இவங்களுக்கெல்லாம் டோக்கன் போட்டுடட்டுமா?" என்று கேட்டார் ஃபஹ்மி.

ஒரு நாளில் மெழுகுவர்த்திகள் தீர்ந்தன. பிறகு எண்ணெய்க் குப்பி. பிறகு ஜெபமாலைகள். கலீலா தனக்கென்று மூன்று தடவை துவைத்து வைத்திருந்த லினன் துணி ஒன்று இருந்தது. ஆண்டவரின் உடலைக் கிடத்திய கல்லின்மேல் அதை விரித்து எடுத்து வந்து, தன் அடக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். அதை மூலைக்கடைத் தையல்காரி முகத்தில் ஒற்றிக்கொண்டு, "எங்க மாமியார் ரொம்ப முடியாம இருக்காங்க, முகத்தஸா" என்று அழுதாள். அழுகிறவளிடமிருந்து சவத்துணியைப் பிடுங்க முடியுமா? அதுவும் போயிற்று.

எல்லாரும் போன பிறகு கீழ்வீட்டு ஹாஜா ஸாப்ரீன் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தாள். இருபது வருஷ சிநேகிதி. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பேப்பரை மடியில் விரித்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை, ரம்ஸி அம்மா. நாங்க மன்னிப்புக் கேக்கறதுக்குத்தான் மக்காவுக்குப் போவோம். நீங்க போயிட்டு வந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறீங்களா?"

"எனக்கும் அதுதான் புரியலை, ஹாஜா."

"எப்படி இருந்துது ஊரு?"

கலீலா அவளிடம் மட்டும் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸாப்ரீன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப போயிட்டு வந்துடுங்க. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?"

அந்தச் சாயங்காலம் அலெக்ஸாந்திரியாவிலிருந்து ரம்ஸி கூப்பிட்டான்.

"அம்மா, எங்க வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு எருசலேம் போனியா?"

"ஏண்டா, உன் வீட்டுல உன் எதிர்லதானே எட்டு நாளும் உட்கார்ந்திருந்தேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா அதுல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு காலையில போயி சாயங்காலம்தான் வந்தியாமே. உன் மருமக சொல்றா."

"ஒரு பகல்ல எருசலேம் போயிட்டு வர எனக்கென்ன இறக்கையா இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்று அவன் இழுத்த இழுப்பிலேயே, பெற்ற பிள்ளைக்கும் முழு நம்பிக்கை வரவில்லை என்பது தெரிந்தது.

புதன்கிழமை அபூனா அர்மியா வந்தார். அவர்கள் கோயிலின் பாதிரியார். வயது நாற்பதுகூட இல்லை, தாடி மட்டும் அறுபது வயதுக்கு உரியது. நல்ல மனுஷர்தான். விதி என்று ஒன்றை யாராவது எழுதி வைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்க மாட்டார். கலீலா கண்டிப்பை எதிர்பார்த்துத் தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தார்.

"ரம்ஸி அம்மா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போனது தப்பு. பெரிய தப்பு. ஆனா யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களா மன்னிப்புக் கேட்டீங்க பாருங்க, அதுக்குப் பெரிய மனசு வேணும். பேப்பரைப் பாத்த அன்னிக்கே ஆயர் இல்லத்துக்கு எழுதிட்டேன், இந்தக் கலீலா ஹன்னா எங்க கோயில் ஆளுன்னு. பதிலும் வந்தாச்சு. ஏத்துக்கிட்டாங்க."

"ஏத்துக்கிட்டாங்களா?"

"முழு மன்னிப்பு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பெண்கள் கூட்டத்துல நீங்க பேசறீங்க. எருசலேம் போனது ஏன் தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நாலு பேருக்குப் பாடமா இருக்கும்."

கலீலா மெதுவாகக் கேட்டாள். "அபூனா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இதே ஆள் இன்னொரு தடவை போனா?"

அபூனாவின் சிரிப்பு தாடிக்குள் போய்விட்டது. "'இனி செய்ய மாட்டேன்'னு உங்க பேர் போட்டு அச்சுல வந்திருக்கு. வாக்குக் குடுத்து மீறினா அது வேற. முதல் தடவை தெரியாம விழுந்தது. ரெண்டாம் தடவை தெரிஞ்சே குதிக்கறது. அதுக்குப் பேப்பர்ல கட்டம் கட்டினாலும் ஆகாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவர் போன பிறகு கலீலா படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டி பக்கத்தில் கிடந்தது. அதில் மிஞ்சியிருந்தது ஒரு ஜோடி முட்டிப் பட்டையும் அவித்த மொச்சையான ஃபூல் ஒரு டின்னும். போகாத ஊரிலிருந்து கொண்டுவந்ததாக எல்லாவற்றையும் ஊரார் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டம் கிடைத்துவிட்டது, புண்ணியம் கிடைத்துவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. முதல் பயணம் கிளம்புவதற்கு முன்பே இரண்டாவது பயணமாகிவிட்டது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று.

ஃபஹ்மி கதவருகே வந்து நின்றார். "டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லிடவா?"

"யாரோட டிக்கெட்டை?"

"உன்னோடதுதான்."

"ரம்ஸி அப்பா, கேட்டுக்கோங்க. எங்கம்மா நாலு பேர் சொன்னதைக் கேட்டு வீட்டுல உட்கார்ந்தா. அதுக்கு யாரும் அவளுக்குப் பட்டம் குடுக்கலை. நான் போறேன். தவழ்ந்துகூடப் போறேன்."

ஃபஹ்மிக்கு நாற்பது வருஷ அனுபவம். அவர் மறுபடி சோபாவுக்குப் போய்ப் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் நூறு பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கீல் முன்வரிசையில், இடுப்பு சரியான கணவரைச் சாட்சிக்குக் கதவோரம் நிறுத்திவிட்டு இருந்தாள். அபூனா கலீலாவைப் பற்றி நான்கு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார்.

"எருசலேம் போனது ஏன் தப்புன்னு பேசச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள் கலீலா. "எனக்குத் தெரியாது. நான் இன்னும் போகலை."

முன்வரிசையில் அங்கீல் பாதி எழுந்துவிட்டாள்.

"வியாழக்கிழமை போறேன். பேப்பர்க்காரங்க தேதியைக் குழப்பிட்டாங்க. திரும்பி வந்த பிறகு கேக்க வேண்டிய மன்னிப்பை முன்னாடியே போட்டுட்டாங்க."

அபூனா எழுந்தார். "ரம்ஸி அம்மா, தெளிவா சொல்லுங்க. போனீங்களா, இல்லையா?"

"இல்லை."

"அப்ப ஆயர் இல்லம் எதை மன்னிச்சுது?"

"நான் செய்யப் போறதை. அவங்க பெரிய மனசு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அபூனாவின் காது சிவந்தது.

"அப்படின்னா அந்த மன்னிப்பு செல்லாது. நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"குடுத்ததைத் திருப்பி எடுக்கறதுக்கு நீங்க என்ன கடை வச்சிருக்கீங்களா, அபூனா? முப்பது வருஷம் நான் முன்பதிவுக் கவுண்டர்ல இருந்தேன். டிக்கெட் கையில இருக்கறவங்களை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் இறக்கி விட முடியாது. மன்னிப்பு வாங்கியாச்சு. பாவம்தான் பாக்கி. அதைப் போய்ச் செஞ்சுட்டு வந்துடறேன்."

"'இனி செய்ய மாட்டேன்'னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா. முதல்ல ஒரு தடவை செய்ய விடுங்க. அப்புறம் இனி செய்ய மாட்டேன்."

இப்போது சிரிப்பு பொத்தின வாய்களுக்குள் நிற்கவில்லை. கலீலா சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாம எல்லாரும் சேர்ந்து போற நாள் வரும்னு சொல்றீங்க. வரட்டும். நான் அதைக் குறை சொல்லலை. ஆனா என் முட்டிக்குக் காத்திருக்கத் தெரியலை. எங்கம்மாவுக்கும் தெரியலை, செத்துப் போயிட்டா. வந்த பிறகு நற்கருணை குடுக்க மாட்டேன்னா குடுக்காதீங்க. வருஷம் முழுக்க வாசல்ல நிக்கறேன். நின்னுதான் பழக்கம் எனக்கு." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஒரு விஷயம். நீங்க வாங்கிட்டுப் போன மெழுகுவர்த்தி எல்லாம் நம்ம மார்க்கெட் தெருவுல வாங்கினது. நான் போய் ஏத்தறதுக்கு வச்சிருந்தேன். சொல்லாம இருந்தது என் தப்பு. அதுக்கு நிஜமாவே மன்னிப்புக் கேக்கறேன். மிச்சம் இருந்தா திருப்பிக் குடுங்க."

அங்கீல் கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. அங்கீலிடமிருந்து தொலைபேசிகூட இல்லை. தெருவில் காய் வாங்கப் போனால் பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டு கலீலா மார்க்கெட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்து காலிப் பெட்டியில் வைத்தாள். அம்மாவுக்கு ஒன்று போதும்.

செவ்வாய்க்கிழமை தையல்காரி வந்தாள். லினன் துணியை இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஓரத்தில் சின்னதாகச் சிலுவைத் தையல் புதிதாக ஏறியிருந்தது. "உங்களுக்குத்தான், ரம்ஸி அம்மா. விரிக்கறப்ப எங்க மாமியார் பேரையும் சொல்லுங்க. கெட்டவங்கதான், ஆனாலும் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பாதி எரிந்த மெழுகுவர்த்தி, அதைச் சுற்றிக் காகிதம், அதில் செத்துப்போன தங்கையின் பெயர். பிறகு இன்னொருத்தி. போன வாரம் எடுத்துக்கொண்டு போனவர்கள் கொண்டுவந்தார்கள். எடுக்காதவர்களும் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தார்கள். பெயரெழுதத் தெரியாதவர்களுக்கு ஃபஹ்மி எழுதிக் கொடுத்தார். புதன்கிழமைக்குள் பெட்டி மூடவில்லை. அங்கீல்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் இடுப்புக்குத் தனியா ஒண்ணு ஏத்துங்க. மறுபடி படுத்துட்டாரு" என்றாள்.

பூட்டின பிறகு கோயில் பணியாளர் ஒருவர் வந்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய மெழுகுவர்த்தி ஒன்றை நீட்டினார். அதில் பெயர் இல்லை.

"யாரு குடுத்தது?"

"கேக்காதீங்கம்மா. 'அம்மாவுக்கு'ன்னு மட்டும் சொல்லச் சொன்னாரு. அவரு கோபம் தீரலைங்கறதையும் சொல்லச் சொன்னாரு."

கலீலா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், எல்லார் பெட்டியிலும் மெழுகு வாசனை. ஃபஹ்மி வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்து, "தொலைஞ்சு போயிடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

கலீலாவுக்கு முன்னால் அவள் வயதுக்காரி ஒருத்தி, கைத்தடியோடு, பயங்கரக் கடுப்பில் நின்றிருந்தாள். மணிக்கட்டில் புதிதாகக் குத்திய சிலுவைப் பச்சை.

"முதல் தடவையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

"முதல் தடவைதான். ஆனா எங்க அபூனாகிட்ட கேட்டா ரெண்டாவதும்பார்" என்றாள் கலீலா பெருமையாக.

"எனக்கு நேர்மாறு. இது ரெண்டாவது. ஆயர் இல்லத்துல கேட்டா முதல் தடவையே போகலைங்கறாங்க. குளிர்காலத்துல போயிட்டு வந்தேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு."

"எந்த ஊரு நீங்க?"

"ஷுப்ராதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்."

"அப்படியா? மன்னிப்புக் கேட்டிருந்தா எல்லாம் சரியாகியிருக்குமே."

"கேக்காமலா இருப்பேன்? பேப்பர்லயே போட்டேன், போன வாரம் திங்கட்கிழமை. ஒரு ஈ காக்கா வந்து எட்டிப் பாக்கலை. நற்கருணைக்குப் போய் நின்னா, அந்த மன்னிப்பை ஏற்கெனவே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரி, மன்னிப்புத்தான் இல்லைன்னு ஆயிடுச்சே, இன்னொரு தடவை போயிட்டு வந்தா என்னன்னு கிளம்பிட்டேன்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. கலீலா நகரவில்லை.

"வேற யாருக்குக் குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள் அவள்.

அந்தப் பெண்மணி கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மன்னிப்புக் கேட்ட கலீலா ஹன்னா நான். வாங்கிட்டுப் போன கலீலா ஹன்னா எவளோ, அவ நல்லா இருக்கட்டும்."